மதிலுக்கு வெளியே ஒரு சொல்

லத்தீனில் ‘கனபே’ என்றொரு பெயர்ச்சொல் உண்டு. இலக்கியத்தில் அரிது, கல்வெட்டுகளில்தான் அகப்படும். குடில், மதுக்கடை என்று தொடங்கி, படையணிக் கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் சிப்பாய்க் குடும்பங்களும் குடியேறிய ஊருக்கே அது பெயராயிற்று. ஆஸ்திரியாவில் உள்ள கார்னுன்டத்தில் அப்படியோர் ஊர் இருந்தது. பிரான்சின் லியோனிலோ கோட்டைப் பேச்சே இல்லாமல், ஆற்றோரத்து ஒயின் வியாபாரிகளின் இடத்தை அந்தப் பெயரால் குறிக்கின்றன கல்வெட்டுகள்.

செஞ்சிப் பக்கத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டை என்றால் முடிந்தது.

யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, ‘பெட்டா’ என்ற தமிழ்க் கடன்சொல்லுக்குக் கோட்டையை ஒட்டிய புறநகர் என்று பொருள் தந்தது. காரணம் இல்லாமல் இல்லை. 1791 மார்ச்சில் பெங்களூரைத் தாக்கிய கார்ன்வாலிஸ் முதலில் பேட்டையைப் பிடித்தார், பிறகுதான் கோட்டையை. கொழும்பிலும் ஆங்கிலேயர் வாயில் அது ‘பெட்டா’தான்; அங்குள்ள தமிழருக்குப் புறக்கோட்டை.

ஆனால் இது சிப்பாயின் பார்வை. வியாபாரிக்குப் பேட்டை என்பது சரக்கு இறங்கும் இடம். வண்டிப்பேட்டைக்கு எதற்குக் கோட்டை? வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இடமிருந்தால் போதும். மேல்மலையனூர் வட்டத்து அவலூர்பேட்டை, செஞ்சி மதிலை ஒட்டிய ஊரல்ல. வாரச்சந்தையும், விவசாயிகள் ‘கமிட்டி’ என்று சுருக்கிவிட்ட ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் அந்தப் பெயருக்குப் போதுமான நியாயம். மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு, வாங்குபவரின் விரலைப் பிடித்து விலை பேசுவார். எத்தனை விரலை அழுத்தினார் என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பேட்டையின் பழைய பொருள் அங்கேதான் இருக்கிறது என்பேன். 1958-இல் கிண்டியில் திறந்த வளாகத்தைத் ‘தொழிற்பேட்டை’ என்றபோதும் யாரும் மதிலைத் தேடவில்லை.

பேட்டைகளைப் பட்டியலிடப் புறப்படுகிறவர் ஆங்கிலப் பெயர்ப்பலகையை மட்டும் நம்பக் கூடாது. அவலூர்பேட்டைக்கு அருகிலுள்ள சேத்துப்பட்டு அதில் ‘செட்பெட்’. சென்னைச் சேத்துப்பட்டும் அப்படியே. இரண்டும் பட்டு, பேட்டை அல்ல.