வெள்ளைப் பசுவும் கறுப்பு மாடும்



இன்று செப்டம்பர் 26. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் நினைவு நாள். பதிவு சற்று நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, தாமிரபரணிக் கரையில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. அம்மா பீடி சுற்றுபவர். பள்ளி திறந்து இரண்டு மாதமாகியும் அவள் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவாள். பிள்ளைக்குப் பேச்சு வராது போலிருக்கிறது என்றே நினைத்துவிட்டேன்.

ஒருநாள் கவிமணியின் பசுவும் கன்றும் பாட்டை நடித்துக் காட்டிப் பாடினேன். முடித்ததும் அவள் எழுந்து நின்று, "எங்க மாடு கறுப்பு சார்" என்றாள். நான் கேட்ட அவளுடைய முதல் பேச்சு அதுதான். அதன் பிறகு அவளை உட்கார வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு!

அந்தப் பாட்டை எழுதியவர் யார் என்று தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

1876இல் நாகர்கோவிலை அடுத்த தேரூரில் பிறந்தவர். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளியில் அவர் படித்தது மலையாளம். தமிழைப் பள்ளிக்கு வெளியே, திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று என்று வளர்ந்த பிள்ளை அவர். பின்னாளில் நம்மைப் போல வாத்தியாரானார். கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று 36 ஆண்டுகள் பணி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் கற்பித்திருக்கிறார். 1931இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் குடியிருந்தார்.

அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முதலில் பாடியது அவர் பாட்டைத்தான்.

குழந்தைக் கவிஞர் என்பதோடு அவரை முடித்துவிடக் கூடாது. நாஞ்சில் நாட்டில் சொத்து மருமக்களுக்குப் போகும். மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். அந்தக் கொடுமையை ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்லவைத்து, சிரிக்கச் சிரிக்க எழுதியதுதான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. 1926இல் அந்த முறையை மாற்றச் சட்டமும் வந்தது. எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவி 'ஆசிய ஜோதி' எழுதினார். உமர் கய்யாமையும் தமிழில் பாடவைத்தார். காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்தார். 'கவிமணி' என்ற பட்டம் 1940இல் சென்னையில் கிடைத்தது.

நம்மூருக்கும் இதில் பங்கு உண்டு. வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி நடத்திய ரசிகமணி டி.கே.சி., கவிமணியின் பாட்டைப் போகிற இடமெல்லாம் பாடிச் சொல்லி ஊரறியச் செய்தவர். 1954 பிப்ரவரியில் ரசிகமணி மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் போனார். நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

பாட்டில் வந்தது வெள்ளைப் பசு. அந்தப் பிள்ளைக்கோ தன் வீட்டுக் கறுப்பு மாடு நினைவுக்கு வந்தது. பாட்டு அவள் பேசும் தமிழில் இருந்ததால்தான் அவளால் பதில் சொல்ல முடிந்தது. பயிற்சிக் காலத்தில் நான் படித்த எந்தப் புத்தகமும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்று இரவு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.