ஒகேனக்கல் குரங்கும் மைசூர் பேராசிரியரும்

ஒகேனக்கல் போய் வந்தவர்களுக்கு அருவி ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, கையில் இருந்த பொட்டலத்தைப் பிடுங்கிய குரங்கு கண்டிப்பாக ஞாபகம் இருக்கும்! தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்கள் வீசும் பழத்துக்காகக் காத்திருப்பதும் அதே இனம்தான். தலையில் தொப்பி வைத்தது போல் முடி, உடம்பை விட நீளமான வால். நாட்டுக்குரங்கு என்பார்கள். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

இவ்வளவு சாதாரணமான பிராணியை யாராவது வேலை மெனக்கெட்டு எண்ணுவார்களா? எண்ணினார் ஒருவர். அவர் மைசூர் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் மேவா சிங்.

தென்னிந்தியக் குரங்குகளை ஆராய்வது அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1961 முதல் 1963 வரை ஜப்பானைச் சேர்ந்த சுகியாமா, கர்நாடகத்தின் தார்வாரில் கருமுக மந்திகளைக் கவனித்தார். பழைய தலைவனை விரட்டிவிட்டு வந்த புது ஆண், கூட்டத்தில் இருந்த குட்டிகளைக் கொல்வதை அவர் பதிவு செய்தபோது விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. பிறகு அதுவே பரிணாமவியலின் பெரிய விவாதமாக மாறியது. 1970களில் ரவூஃப் அலி, முண்டந்துறையில் நாட்டுக்குரங்குகளை ஆராய்ந்தார்.

மேவா சிங் ஒரே இனத்தோடு நிற்கவில்லை. ஆனைமலையில் சிங்கவால் குரங்கு, திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம் இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு என்று அவரும் அவருடைய மாணவர்களும் தேடிப் போனார்கள். கர்நாடகத்தின் சிர்சி, ஹொன்னாவரா காடுகளில் சிங்கவால் குரங்குகள் பெரிய எண்ணிக்கையில் இருப்பதை அவரும் அவருடைய மாணவர் குமாராவும் வெளிக்கொண்டு வந்தார்கள். 2011ல் அங்கே அகநாசினி பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்காக இந்தியாவின் முதல் சரணாலயம் 2022ல் கடவூரில் வந்தது.

அபூர்வமான விலங்குகளுக்கு இப்படி ஒரு விடிவு கிடைத்தது. ஆனால் சாலையோரக் குரங்கு? அது "கவலைப்படத் தேவையில்லாத இனம்" என்ற பட்டியலில் இருந்தது. கடையில் தினமும் கண்ணில் படும் சரக்கை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இருப்புக் கணக்கு எடுத்தால்தான் குறைந்தது தெரியும்.

மேவா சிங்கின் குழு எடுத்தது அந்த இருப்புக் கணக்கைத்தான். 1980களின் இறுதியில் தொடங்கி, மைசூர் வட்டாரத்தில் அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் எண்ணினார்கள். 2017ல் வெளியான முடிவு அதிர்ச்சியானது. 25 ஆண்டுகளில் அங்கே 65 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது!

காரணங்கள் என்ன? சாலையோர ஆலமரம்தான் இந்தக் குரங்குக்குச் சாப்பாடும் படுக்கையும். சாலை அகலமாகும்போது முதலில் போவது அந்த மரம். குரங்கு கோயிலிலும் தோட்டத்திலும் இருந்தால் பொறுத்துக்கொண்ட மக்களின் மனமும் மாறிவிட்டது. வடக்கே இருந்து ரீசஸ் குரங்குகள் கோதாவரியைத் தாண்டித் தெற்கே இறங்கி, நாட்டுக்குரங்கின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

"காட்டில் நிறைய இருக்குமே" என்று தோன்றலாம். அங்கேதான் பெரிய ஆச்சரியம். எந்த வகைக் காட்டிலும் இவை மிகக் குறைவாகவே இருந்தன. அப்படியானால் ஊரில் பிடித்துக் காட்டில் விடும் குரங்கை, அதன் சொந்த வீட்டுக்கு அனுப்பி வைத்ததாகச் சொல்ல முடியுமா?

2020ல் உலக அளவிலான செம்பட்டியலில் நாட்டுக்குரங்கு "அழிய வாய்ப்புள்ள இனம்" என்று மாற்றப்பட்டது. அந்த மதிப்பீட்டை எழுதியவர்களில் முதல் பெயர் மேவா சிங்.

தர்மபுரி வழியாகப் போகும் பெங்களூரு - சேலம் சாலையும் நான்கு வழிச்சாலை ஆகிவிட்டது. நிலக்கடலைக் காட்டில் இறங்கும் குரங்கு விவசாயிக்கு உண்மையான நஷ்டம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் தொல்லை தரும் அளவுக்கு இருக்கிறது என்பதும், நிறைய இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மரம் போன பிறகு மிச்சம் இருப்பவை எல்லாம் மனிதர் இருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தால், குறைந்தது கூட நிறைந்தது போலத்தான் தெரியும்.

சுகியாமா கண்டதைக் காண இரண்டு வருடம் போதுமாக இருந்தது. இதைக் காண 25 வருடம் தேவைப்பட்டது. ஒகேனக்கல் குரங்குகளையும் யாராவது இப்போதே எண்ணத் தொடங்கினால்தான், இன்னும் 25 வருடம் கழித்து அவை என்ன ஆயின என்று சொல்ல முடியும்.