அருவிக்கு அருகே இருட்டு: மலையக மின்சார வரலாற்றில் தடைக் கணக்கு

இலங்கையின் முதல் பெரிய நீர்மின் நிலையங்கள் தேயிலை மலைகளுக்கு நடுவே எழுந்தன. அதே மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் லயன் காம்பராக்களிலோ, தலைமுறை தலைமுறையாக மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இந்த முரணுக்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டலாம்: லயன்கள் சிதறிக் கிடந்தன, கம்பி இழுப்பது கடினம், இழுத்தாலும் வழியிலேயே வலு வீணாகும். இக்கட்டுரை அந்த விளக்கத்தை எண்களால் சோதிக்கிறது. மின்சாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கம்பியின் தடை தீர்மானித்தது. யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

கணக்கின் அடிப்படை எளியது. 1827இல் ஜோர்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த விதிப்படி, வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வலு. கம்பியில் வெப்பமாக வீணாகும் வலு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை 1840களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் நிறுவினார். ஆகவே அதே வலுவை உயர்ந்த வோல்ற்றளவில் அனுப்பினால் மின்னோட்டம் குறையும், இழப்பு அதைவிட வேகமாகக் குறையும். 1891இல் ஜெர்மனியின் லாஃபெனிலிருந்து பிராங்க்பேர்ட்டுக்கு 175 கிலோமீற்றர் தூரம் மின்சாரம் சென்றபோது இந்த உண்மை உலகறியச் செயலானது.

இலங்கையில் இதை முழுமையாக உணர்ந்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912இல் நானுஓயாவுக்கு அருகே பிளக்பூலில் அவர் அமைத்த சிறு நீர்மின் நிலையம் நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. தூரம் குறைவு என்பதால் அங்கே தடை பெரிய சிக்கலாகவில்லை. 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் வாசித்த ஆய்வுரை பெரிய கனவை முன்வைத்தது: மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம். அதற்காக 1924இல் தொடங்கிய லக்சபான நிலைய வேலை இடையில் நின்று, 1950இல்தான் 25 மெகாவாற்று நிலையமாக இயங்கத் தொடங்கியது. அந்த 25 மெகாவாற்றை மும்முனைக் கம்பியில் 11 கிலோவோல்ற்றில் கொழும்புக்கு அனுப்பினால் ஏறத்தாழ 1,312 அம்பியர் பாயும். 66 கிலோவோல்ற்றில் அனுப்பினால் 219 அம்பியர் போதும். மின்னோட்டம் ஆறில் ஒன்றாகிறது. அதே கம்பியில் இழப்பு 36இல் ஒன்றாகிறது. மலையிலிருந்து தலைநகருக்குப் போகும் தூரத்தைத் தடைக் கணக்கு இப்படித்தான் வென்றது.

அப்படியானால் தொழிற்சாலையிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளியிருந்த லயனை ஏன் வெல்லவில்லை? பல தோட்டத் தொழிற்சாலைகள் ஓடை நீரில் சிறு விசையாழி ஓட்டித் தமக்கான வலுவைத் தாமே பெற்றன. இருபது காம்பராக்களுக்குத் தலா ஒரு 40 வாற்று விளக்கு என்று கொள்வோம். மொத்தம் 800 வாற்று. 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3.5 அம்பியர். 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போய்த் திரும்ப 1,000 மீற்றர் என்றால் தடை 1.1 ஓம் அளவு. வீணாவது 13 வாற்று மட்டுமே. இரண்டு வீதம்கூட இல்லை. ஆகவே வழியில் வீணாகும் என்ற காரணம் நிற்காது.

செலவு உண்டே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது: அந்தக் கம்பிக்கு ஏறத்தாழ 143 கிலோ செம்பு வேண்டும். ஆனால் 4 சதுர மில்லிமீற்றர் கம்பி போட்டால் 36 கிலோ போதும்; வோல்ற்றளவு ஏறத்தாழ 15 வோல்ற்று குறையும், விளக்கு சற்று மங்கும், ஆனாலும் எரியும். விசையாழியின் கொள்ளளவு போதாது என்றும் சொல்லலாம். கொழுந்து அரைக்கும் ரோலரின் மோட்டார் ஒன்றே பல கிலோவாற்று இழுக்கும். அதன் அருகே 800 வாற்று சிறு சுமை. வறட்சிக் காலத்தில் நீர் குறையும் என்பது மெய். அது சில மாத இருட்டை விளக்கும், பல பத்தாண்டு இருட்டை விளக்காது.

மீதமிருக்கும் விளக்கம் உரிமை பற்றியது. லயன் தோட்டத்துக்குச் சொந்தம். குடியிருப்பவருக்கு இணைப்புக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. லக்சபான இயங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் பறிபோனது. வாக்கு இல்லாதவர்களின் வீட்டுக்குக் கம்பி இழுக்க எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. நீர்த்தேக்கங்களுக்காக நிலம் மட்டும் கேட்கப்பட்டது. மவுசாகலை நீரில் பழைய மஸ்கெலியா நகரே மூழ்கியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளைச் சபைச் சேவைகளுக்கு வெளியே வைத்தது. அது திருந்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் லயன்களுக்கு இணைப்பு வந்தபின்னும் கணக்கு முடியவில்லை. ஒரு விளக்குக்காகப் போட்ட பழைய கம்பியில் இன்று கேத்தலும் மின்னழுத்தியும் ஏறுகின்றன. 2,000 வாற்றுக் கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கிறது. தளர்ந்த இணைப்பு ஒன்றில் அரை ஓம் தடை சேர்ந்தாலே அங்கு 38 வாற்று வெப்பம் பிறக்கும். விரல்நுனி அளவு இடத்தில், காய்ந்த பலகைச் சுவரை ஒட்டி, அது தீப்பிடிக்கப் போதுமானது. லயன்களில் தீ மூளும்போது குடியிருப்பாளரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது, முன்பு இருட்டுக்குத் தூரத்தைக் காரணம் சொன்னதற்கு ஒப்பாகும். கம்பியின் பருமனும் இணைப்பின் தடையும் அளக்கக்கூடியவை. ஒவ்வொரு லயனிலும் அவற்றை அளந்து மாற்றுவது, குடியிருப்பின் உரிமையாளருக்கும் மின்சாரம் வழங்குவோருக்கும் உள்ள கடமை. நாட்டுக்கு வலு தந்த மலைக்கு அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.