முத்துக்குளிப்பும் வீட்டுக் கொதிகலனும்

கொற்கை என்றதும் முத்துதான் நினைவுக்கு வரும். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடல் விலகிப்போய், இன்று அந்த ஊர் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், இங்கே முத்தெடுக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் அழுத்தம் இரு மடங்காகும், நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். மேலே வந்தால் மறுபடி விரியும். தண்ணீரோ அப்படிச் சுருங்குவதே இல்லை. முத்துக்குளித்தவர்கள் உடம்பால் அறிந்திருந்ததை ராபர்ட் பாயில் 1662-ல் விதியாக வெளியிட்டார்.

குளிர்நாட்டு வீடுகளின் சூடேற்றும் குழாய்கள் இந்த வேறுபாட்டை நம்பித்தான் ஓடுகின்றன. 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடும். மூடிய குழாயில் அது எங்கே போகும்? பழைய வீடுகளில் பரணில் ஒரு திறந்த தொட்டி இருந்தது, தண்ணீர் அதில் ஏறி இறங்கும். 1831-ல் லண்டனில் காப்புரிமை பெற்ற ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ், குழாய்களை முழுவதும் மூடிவிட்டு, உச்சியில் காற்று நிரம்பிய ஒரு தடித்த குழாயை வைத்தார். சுருங்கி இடம் கொடுப்பது காற்றின் வேலை. ஆனால் காற்றும் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருந்தால், காற்று மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்து போய்விடும். பின்னால் வந்த விரிவுக்கலனில் இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு வந்தது இதனால்தான்.

சவ்வு இருந்தும் காற்று வருடக்கணக்கில் கசியத்தான் செய்கிறது. அப்போது லண்டனில் இருக்கும் தமிழர் வீட்டிலும் ஒரே கதைதான்: சூடானதும் முள் 3 பாருக்குத் தாவும், பாதுகாப்பு வால்வு தண்ணீரை வெளியே கொட்டும், ஆறியதும் முள் பூஜ்யத்தில் நிற்கும். பலர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். குறைந்தது காற்று! புதுத் தண்ணீரோடு வரும் ஆக்ஸிஜன் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதுதான் மிச்சம்.

சரியான முறை இது: கொதிகலனை நிறுத்தி ஆறவிட்டு, தண்ணீர்ப் பக்க அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். இறக்காமல் அளந்தால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் கருவி காட்டும். கலனில் இருப்பது கார் டயரில் உள்ள அதே வால்வு, ஷ்ரேடர் 1893-ல் காப்புரிமை பெற்றது. ஆகவே சாதாரணக் கைப்பம்பே போதும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு 1 பார் என்பது கணக்கு, கலனில் எழுதியிருக்கும் அளவே முடிவானது. காற்றை அடித்த பிறகே தண்ணீரை 1 முதல் 1.5 பார் வரை நிரப்ப வேண்டும். காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலனையே மாற்ற வேண்டியதுதான்.