முகாம் டிரெய்லரில் சோலார் பேனலை எங்கே பொருத்துவது? மலைப்பயணக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஜவ்வாது மலைமேல் இருக்கிறது புதூர்நாடு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு எட்டும் தூரம்தான். காருக்குப் பின்னால் சிறிய முகாம் டிரெய்லரை இழுத்துச் சென்று ஓரிரு இரவு தங்க நினைப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி மின்சாரம். விளக்கும் மொபைலும் அணைந்தால் ஓர் இரவு சமாளித்துவிடலாம். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெற்றோரோ, நெபுலைசர் தேவைப்படும் குழந்தையோ உடன் வந்தால் இரவு முழுவதும் மின்சாரம் இருந்தாக வேண்டும். அது கிடைப்பதும் கிடைக்காததும் பேனலைப் பொருத்தும் இடத்தைப் பொறுத்தது.

எவ்வளவு தேவை?

ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. நான்கு மொபைல்களுக்குச் சுமார் 60. பதினைந்து வாட் டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 120. கை, கால் கழுவவும் பாத்திரம் துலக்கவும் சிறிய தண்ணீர் பம்புக்கு 10. மொத்தம் 240 வாட்-மணி. நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல் ஒன்று 300 முதல் 350 வாட்-மணி தரும். இதற்கு அது போதும். மருந்துக்காக 12 வோல்ட் குளிர்பெட்டியும் வைத்தால் அதற்கு மட்டும் நாளொன்றுக்கு 300 முதல் 400 வாட்-மணி ஆகலாம். அப்போது 200 வாட் வேண்டும்.

சாய்வா, நிழலா?

பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்த்தே வைக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். வீட்டு மாடிக்கு அது சரி. டிரெய்லருக்கு அவ்வளவு அவசியமில்லை. புதூர்நாடு ஏறத்தாழ 12.5 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. டிசம்பர் கடைசியில் மட்டும் தெற்கே 36 டிகிரி இறங்குகிறது. அப்போதும் கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனல் நண்பகலில் இழப்பது ஐந்தில் ஒரு பங்குதான்.

நிழல் அப்படியல்ல. பேனலில் உள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லின் மேல் விழும் நிழல்கூட அந்த வரிசை முழுவதின் மின்னோட்டத்தையும் தடுக்கும். உள்ளங்கை அகல நிழலில் பாதி மின்சாரம் போய்விடலாம். எனவே சாய்வைவிட நிழலைத்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டும்.

எந்த இடம் நல்லது?

கூரையின் நடுப்பகுதியே முதல் தேர்வு. காற்றுப்போக்கி, ஆன்டெனா, சாமான் கம்பி ஆகியவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். காற்றுப்போக்கி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் 30 சென்டிமீட்டர் இடைவெளி. கூரையில் இரண்டு பேனல் என்றால் பக்க இணைப்பில், அதாவது பேரலலில் இணையுங்கள். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும்.

கூரையின் முன்விளிம்பு வேண்டாம். எதிர்க்காற்று பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது காற்று ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். கழன்று பறக்கும் பேனல் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் உயிருக்கே ஆபத்து.

பக்கச் சுவரும் வேண்டாம். உச்சி வெயிலில் செங்குத்துப் பேனலுக்கு வெளிச்சம் மிகக் குறைவு. குறுகிய மலைப்பாதையில் கிளையும் உரசும். காரோடு இணைக்கும் முன்சட்டத்தின் மேல் வைத்தால் டிரெய்லரின் நிழலே அதன்மேல் விழும்; சக்கரம் தெறிக்கும் கல்லும் படும்.

மரநிழலில் தங்க விரும்பினால்?

கோடையில் எல்லோரும் நிழலில்தான் வண்டியை நிறுத்துவார்கள். அப்போது கூரைப் பேனலால் பெரிய பயனில்லை. மடக்கும் பேனல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து மீட்டர் வயரில் வெயில் படும் இடத்தில் தரையில் வைக்கலாம். டிசம்பர், ஜனவரியில் இதைத் தெற்கு நோக்கிச் சாய்த்தும் வைக்கலாம். குளிர்பெட்டியை நம்பியிருக்கும் குடும்பத்துக்குக் கூரையில் 100 வாட், தரையில் 100 வாட் என்ற ஏற்பாடே பாதுகாப்பானது.

பொருத்தும் முறை

கண்ணாடி, அலுமினியச் சட்டப் பேனல் 100 வாட்டுக்குச் சுமார் ஏழு கிலோ இருக்கும். கூரைத் தகட்டில் மட்டும் திருகாமல், உள்ளே இருக்கும் சட்டக் கம்பியில் போல்ட்டைச் செலுத்தி, பூட்டு நட் போட்டு இறுக்குங்கள். துளைகளைப் பாலியூரித்தேன் பசையால் அடையுங்கள். மழைநீர் கசிந்தால் கூரைப் பலகை உள்ளுக்குள்ளேயே அழுகும்.

பேனலுக்கும் கூரைக்கும் இடையே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் காற்று ஓட வேண்டும். செல்லின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. வளையும் பேனலை நேரடியாகக் கூரையில் ஒட்டினால் எடை குறையும். ஆனால் சூடு அதிகமாகும், ஆயுளும் குறையும். கூரை வளைவாக இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

எடை கீழே இருக்கட்டும்

2022 ஏப்ரலில் புதூர்நாடு பகுதியில் செம்பரை மலைக் கோயிலுக்குச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். இந்த மலைப்பாதைகளை எவ்வளவு கவனமாக அணுக வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. மேலே எடை கூடினால் திருப்பங்களில் வண்டி சாயும். ஆகவே கூரையில் பேனல் மட்டும் போதும். சாமான் மூட்டை வேண்டாம். பேட்டரி தரையில், அச்சுக்கு அருகில் இருக்கட்டும். நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவில் கிடைக்கிறது. அதே அளவு ஈய-அமில பேட்டரி 30 கிலோ வரை வரும். சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரிக்குப் பக்கத்திலும், ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியும் இருக்க வேண்டும்.

புறப்படும் முன்

• பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.
• மலையடிவாரத்தில் நிறுத்தி ஒவ்வொரு போல்ட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். இறங்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.
• காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றித் தங்கக் கூடாது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர் அது, நாம் விருந்தினர்கள்.
• இதே மலைத்தொடரில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. அவர்களுக்கு இருட்டு வானம் தேவை. விளக்கைத் தரை நோக்கித் திருப்பி வைத்தால் பேட்டரியும் மிச்சமாகும்.
• அக்டோபர், நவம்பர் மழையில் பேனலை மட்டும் நம்பாதீர்கள். காரிலிருந்து சார்ஜ் ஏற்றும் வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினுக்குக் குளிர்ப்பை ஒன்று கூடவே இருக்கட்டும்; ஆனால் மருந்து நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது.