முதிய பெண்ணின் என்பும் அதனை அளந்த கோலும்

முதுமையில் பெண்களின் என்புகள் எளிதில் முறிவது வைத்திய உலகு நெடுங்காலமாக அறிந்த செய்தியாகும். ஆங்கிலேய சத்திரசிகிச்சையாளர் அஸ்லி கூப்பர், தொடையென்பின் கழுத்து முறிவு முதிய பெண்களிடத்து மிகுந்து காணப்படுவதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எடுத்துக்காட்டினார். எனினும் அது மூப்பின் இயல்பாகவே கொள்ளப்பட்டது. அவ்வியல்பு எப்பொழுது, யாருடைய அளவுகோலால் நோயாயிற்று என்பதே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா.

1940களின் தொடக்கத்தில் பொஸ்ரன் நகர வைத்தியர் புல்லர் அல்பிறைற், மாதவிடாய் நிற்பதையும் என்புத் தேய்வையும் ஈஸ்திரோசன் குறைவினால் இணைத்து விளக்கினார். அன்று குருதி தந்த சான்று விசித்திரமானது. இந்நோயாளரின் குருதியில் கல்சியம், பொசுபரசு, காரப் பொசுபேற்றேசு என்பன பெரும்பாலும் இயல்பான அளவிலேயே இருந்தன. என்பு கரைந்துகொண்டிருக்கையில் குருதி மௌனம் சாதித்தது.

வணிகம் மௌனம் சாதிக்கவில்லை. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பெறப்பட்ட பிறெமரின் 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966இல் றொபேட் வில்சன் என்னும் வைத்தியர், மாதவிடாய் நிறுத்தமே ஒரு குறைபாட்டு நோய் என நூலெழுதிப் பரப்பினார். 1975இல் ஈஸ்திரோசனுக்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளியானதும் விற்பனை சரிந்தது. அதன் பின்னரே என்புப் பாதுகாப்பு என்ற நியாயம் முன்னணிக்கு வந்ததை நாம் தற்செயலெனக் கருதவில்லை. 2002இல் நிறுத்தப்பட்ட பெரும் அமெரிக்கப் பரிசோதனை, கூட்டு ஓமோன் சிகிச்சை இடுப்பு முறிவைக் குறைத்ததையும் மார்புப் புற்றுநோயைக் கூட்டியதையும் ஒருங்கே காட்டியது. முன்னையதை மறைப்பதும் நேர்மையன்று.

இதனிடையே அளவுகருவி பிறந்தது. 1963இல் விஸ்கொன்சின் ஆய்வாளர் கமறொனும் சோறென்சனும் ஒளியன் கற்றை கொண்டு என்பின் கனியத்தை அளந்தனர். 1980களின் பிற்பகுதியில் இரட்டைச் சத்தி எக்ஸ் கதிர்க் கருவி பரவியது. 1994இல் உலக சுகாதார தாபனத்தின் ஆய்வுக்குழு, இளம் வெள்ளையினப் பெண்ணின் சராசரியிலிருந்து 2.5 நியம விலகல் தாழ்ந்த அடர்த்தியை நோயென வரையறுத்தது. 1 இற்கும் 2.5 இற்கும் இடைப்பட்டோர் ‘என்புக் குறைவு’ உடையோராயினர். சமன்பரம்பல் விதிப்படி நலமுள்ள இளம் பெண்களிலேயே ஏறத்தாழ 16 வீதத்தினர் 1 என்னும் எல்லைக்குக் கீழே வீழ்வர்! குடித்தொகை ஆய்வுக்கென வகுத்த எல்லை சிகிச்சைக்கூடத்துள் புகுந்தது. மறு ஆண்டில் அலென்ட்ரொனேற்று என்னும் மருந்து அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. அதன் உற்பத்தியாளரே அளவுகருவிகளைப் பரப்பவும் முனைந்தனர்.

இக்கருவி அளப்பது பரப்பின் அடர்த்தியையே. கனவளவின் அடர்த்தியை அன்று. ஆகவே சிறிய என்பு, வலிமை குன்றாதபோதும், அடர்த்தி குறைந்ததாகத் தோன்றலாம். சிற்றுடலினரான தென்னாசியப் பெண்களை வெள்ளையினப் பெண்ணின் கோலால் அளக்கும் எவரும் இதனை மறத்தல் ஆகாது.

அடர்த்தி களஞ்சியத்திலுள்ள நெல்லின் அளவு. நாளாந்தம் எவ்வளவு புகுகின்றது, எவ்வளவு வெளியேறுகின்றது என்பதை அது கூறாது. அதனைக் கூறவே குருதிக் குறிகாட்டிகள் வந்தன. 1970களில் ஒஸ்ரியோகல்சின் என்னும் என்புப் புரதம் கண்டறியப்பட்டது. பின்னர் கொலாஜன் சிதைவைக் காட்டும் சிரிஎக்ஸ், ஆக்கத்தைக் காட்டும் பி1என்பி ஆகியவை 2011இல் சர்வதேச நியமக் குறிகாட்டிகளாகப் பரிந்துரைக்கப்பட்டன. மருந்தின் விளைவை அடர்த்தி காட்ட ஓராண்டுக்கு மேலாகலாம். குருதி சில மாதங்களில் காட்டும். ஆயின் சிரிஎக்ஸ் உணவின் பின் தாழ்வதால், வெறுவயிற்றுடன் காலையிலேயே குருதி எடுக்கப்படுதல் வேண்டும். ஒரு முறிவின் பின்னரோ இக்குறிகாட்டிகள் பல மாதங்கள் உயர்ந்தே நிற்கும்.