புதுச்சேரி ஆசிரம டென்னிஸ் மைதானமும் பள்ளிக் கல்வியும்

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் டென்னிஸ் மைதானம் வங்கக் கடலோரத்தில் அமைந்த ஆடுகளம். 1940களின் பிற்பகுதியில் உருவானது. ஆசிரமப் பள்ளியின் மாணவ மாணவியர் வகுப்புகள் முடிந்தபின் மாலையில் இங்கு வந்து ஆடுவது அவர்களின் கல்வியின் ஒரு பகுதியாக இருந்தது. அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாஸா எழுபதாவது வயதையொட்டி இங்கு ஆடத் தொடங்கி எண்பது வயது வரை இளையோருடன் டென்னிஸ் ஆடினார். ஆன்மிக சாதனைக்கென அமைந்த ஓர் இடத்தில் விளையாட்டுக்கு என்ன பங்கு என்ற விவாதம் இந்த மைதானத்தைச் சுற்றி நிகழ்ந்தது.

பின்னணி

நவீன டென்னிஸ் இங்கிலாந்தில் உருவானது. மேஜர் வால்டர் விங்ஃபீல்ட் 1874இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் முதல் விம்பிள்டன் போட்டி நடைபெற்றது. பிரிட்டிஷ் அதிகாரிகளும் ராணுவத்தினரும் இந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதனால் இந்தியாவில் டென்னிஸ் கிளப்புகளின் ஆட்டமாகவே வேரூன்றியது. 1884இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஜிம்கானா கிளப் நீண்ட காலம் ஐரோப்பியர்களுக்கு உரியதாக இருந்தது. புல்தரை, வலை, மட்டை, பந்து, பந்து பொறுக்கும் பையன் என்று செலவு மிகுந்த ஆட்டம் என்பதால் சாதாரணப் பள்ளிகளுக்குள் அது எளிதில் நுழையவில்லை.

பெண்கள் ஆடுவது இன்னும் அரிது. 1934இல் லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவருடைய தாயார் பண்டித க்ஷமா ராவ் சமஸ்கிருத எழுத்தாளர், டென்னிஸ் ஆடியவர். படித்த, வசதியான குடும்பங்களுக்கு வெளியே அத்தகைய வாய்ப்பு இருக்கவில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் சூழல் வேறு. அங்கு டென்னிஸ் ஒரு பள்ளியின் வழியாக இளையோரிடம் சென்றது.

பள்ளியின் தொடக்கம்

மிர்ரா அல்ஃபாஸா 1878 பிப்ரவரி 21 அன்று பாரிஸில் பிறந்தார். 1914இல் முதன்முறை புதுச்சேரிக்கு வந்தார். 1920இல் மீண்டும் வந்து நிலையாகத் தங்கினார். ஆசிரமம் 1926 நவம்பர் 24 அன்று உருவானதாகக் கொள்ளப்படுகிறது. தொடக்க காலத்தில் ஆசிரமத்தில் பெரியவர்கள் மட்டுமே வாழ்ந்தனர். குழந்தைகளுக்கு இடமில்லை.

இரண்டாம் உலகப் போர் அந்நிலையை மாற்றியது. ஜப்பானியப் படைகள் இந்தியாவின் கிழக்கு எல்லையை நெருங்கியபோது வங்காளம் முதலிய பகுதிகளிலிருந்து அன்பர்கள் குடும்பத்துடன் புதுச்சேரிக்கு வந்தனர். அவர்களின் குழந்தைகளுக்காக 1943 டிசம்பர் 2 அன்று சுமார் இருபது பேருடன் பள்ளி தொடங்கப்பட்டது. 1945 முதல் உடற்கல்வி முறையாக அமைக்கப்பட்டது. பிரணாப் குமார் பட்டாசார்யா அதற்குப் பொறுப்பேற்றார். மாணவர்கள் வயதுவாரியாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அரைக்கால்சட்டையின் நிறம் குழுவின் அடையாளமாக இருந்தது.

காலையிலும் பிற்பகலிலும் பாடம், மாலையில் மைதானம் என்பது பள்ளியின் அன்றாட ஒழுங்காகியது. விளையாட்டுத் திடல், ஓட்டப் பந்தய மைதானம், டென்னிஸ் மைதானம் ஆகியவை நகரின் வெவ்வேறு இடங்களில் இருந்தன. மாணவர்கள் வகுப்பறையிலிருந்து அவற்றுக்குச் சென்று திரும்பினர்.

மைதானத்தில் அன்னை

அன்னை தன் எட்டாவது வயதில், ஏறத்தாழ 1886இல், பாரிஸில் டென்னிஸ் ஆடத் தொடங்கினார். பிரெஞ்சு டென்னிஸ் போட்டி அப்போது தொடங்கப்பட்டிருக்கவில்லை. அது 1891இல்தான் தொடங்கியது. தன் வயதுச் சிறுமியருடன் ஆடினால் கற்க ஒன்றுமில்லை என்பதால் எப்போதும் சிறந்த ஆட்டக்காரர்களிடமே சென்று ஆடக் கேட்டதாகவும், வென்றதே இல்லை, ஆனால் நிறையக் கற்றதாகவும் பின்னாளில் ஆசிரமக் குழந்தைகளின் வகுப்பில் அவர் குறிப்பிட்டார்.

அந்த அனுபவமே புதுச்சேரி மைதானத்தின் கல்விமுறையாகவும் அமைந்தது எனலாம். அன்னை மாலையில் சல்வார் கமீஸ் அணிந்து, தலையில் துணி கட்டி மைதானத்துக்கு வருவார். நன்றாக ஆடும் இளைஞர்களும் பெண்களும் முறைவைத்து அவருடன் ஆடுவார்கள். அதன்பின் அவர் விளையாட்டுத் திடலுக்குச் சென்று மாணவர்களின் உடற்பயிற்சியைப் பார்ப்பார், வகுப்பு நடத்துவார். பள்ளியின் தலைமையில் இருப்பவர் மாணவனுடன் வலையின் மறுபுறம் நின்று ஆடுவது அன்றைய இந்தியப் பள்ளிகளில் காணக்கூடிய காட்சி அல்ல.

1950 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஆசிரமத்துக்கு வந்தார். ஸ்ரீ அரவிந்தரை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அன்னை டென்னிஸ் ஆடும் காட்சியையும் அவர் படமெடுத்தார்.

விவாதம்

ஆசிரமத்தில் விளையாட்டுக்கு இடமளிக்கப்பட்டதைப் பழைய சாதகர்கள் அனைவரும் எளிதில் ஏற்கவில்லை. தியானத்துக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்குப் பந்தும் மட்டையும் ஓட்டப் பந்தயமும் குழப்பத்தை அளித்தன. சிலர் ஸ்ரீ அரவிந்தருக்குக் கடிதம் எழுதினர். விளையாட்டு எவருக்கும் கட்டாயமல்ல, அது சாதனைக்கு மாற்றும் அல்ல என்று அவர் விளக்கினார். பள்ளிக் குழந்தைகளுக்கு உடற்கல்வி தேவை என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

உடற்கல்விக்கெனவே ஆசிரமம் ஒரு காலாண்டிதழைத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 1949 பிப்ரவரி 21 அன்று வெளிவந்தது. அதற்காக 1948 டிசம்பர் 30 அன்று அளித்த செய்தியில் ஸ்ரீ அரவிந்தர் விளையாட்டு அளிக்கும் குணங்களைப் பட்டியலிட்டார். நல்ல மனநிலை, சகிப்பு, எதிராளியிடம் நட்பு, தன்னடக்கம், விதிகளுக்குக் கட்டுப்படுதல், வெற்றியையும் தோல்வியையும் சமமாக ஏற்றல், நடுவரின் தீர்ப்பை மதித்தல் ஆகியவை அவற்றுள் சில. தொடர்ந்து 1949, 1950ஆம் ஆண்டுகளில் உடலின் முழுமை பற்றிய கட்டுரைகளை அவ்விதழில் எழுதினார். அவருடைய இறுதிக்கால உரைநடை ஆக்கங்கள் ஓர் உடற்கல்வி இதழுக்காக எழுதப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

மாணவியர்

ஆசிரமப் பள்ளியில் உடற்கல்வி ஆண், பெண் இருபாலருக்கும் ஒன்றாகவே அமைந்தது. பெண்களின் உடல் விளையாட்டுக்குத் தகுதியற்றது என்ற கருத்தை அன்னை மறுத்தார். 1940களின் இறுதியில் மாணவியர் அரைக்கால்சட்டையும் சட்டையும் அணிந்து மைதானத்துக்கு வந்தனர். பருவமெய்திய பெண்ணைப் பள்ளியை விட்டே நிறுத்துவது பரவலாக இருந்த காலத்தில் இது பெரிய மாற்றம். உயர்நிலை வகுப்பு வயதுப் பெண்கள் திறந்தவெளியில், இளைஞர்களுடன் சேர்ந்து ஆடினர்.

1951 மாநாடு

ஸ்ரீ அரவிந்தர் 1950 டிசம்பர் 5 அன்று மறைந்தார். அவர் நினைவாக ஒரு சர்வதேசப் பல்கலைக்கழக மையம் அமைப்பதற்கான மாநாடு 1951 ஏப்ரல் 24 அன்று டென்னிஸ் மைதானத்தில் கூடியது. சியாமா பிரசாத் முகர்ஜி தலைமை வகித்தார். 1952 ஜனவரி 6 அன்று மையம் தொடங்கப்பட்டது. 1959இல் அது ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இம்மையம் தேர்வுகளோ பட்டங்களோ அளிப்பதில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று மாணவர்களின் உடற்பயிற்சி நிகழ்ச்சி நடைபெறுகிறது.

1958 டிசம்பரில் உடல்நலம் குன்றியதால் அன்னை மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பிற மைதானங்கள்

விம்பிள்டனில் 1977இல், போட்டியின் நூற்றாண்டையொட்டி, டென்னிஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளி மாணவர்கள் அங்கு குழுவாகச் சென்று மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, டென்னிஸின் வரலாறு, உடை, கருவிகள் பற்றிக் கற்கின்றனர். சென்னையில் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் 1997 முதல் 2017 வரை நடைபெற்ற சென்னை ஓப்பன் போட்டி உலக ஆட்டக்காரர்களை நேரில் காணும் வாய்ப்பைத் தந்தது. இவ்விரண்டிலும் மாணவர் பெரும்பாலும் பார்வையாளர்.

ஆட்டக்காரர்களை உருவாக்கிய வழிகளும் தமிழகத்தில் இருந்தன. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற ராமநாதன் கிருஷ்ணனுக்கு அவருடைய தந்தை டி.கே. ராமநாதனே ஆசான். 1990இல் அதே பட்டத்தை வென்ற லியாண்டர் பயஸ் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தினரின் பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். இவை திறமை கண்டறியப்பட்ட சிலருக்கான வழிகள். புதுச்சேரி மைதானம் வெற்றியாளர்களை உருவாக்க முனையவில்லை. விளையாட்டைப் பாடத்துக்கு இணையாக வைத்தது.

வடக்குக் கரை

புதுச்சேரியிலிருந்து வடக்கே செல்லும் கரையில் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், காலாப்பட்டு என ஊர்கள் தொடர்ந்து மரக்காணம் உப்பளங்கள் வரை நீள்கின்றன. பொம்மையார்பாளையம் மீனவர்கள் வாழும் கடலோர ஊர். வீரசைவ மரபைச் சேர்ந்த பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் இவ்வூர் அறியப்படுகிறது. இதற்கு மேற்கே உள்ள செம்மண் மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது.

ஆசிரமப் பள்ளியின் உடற்கல்வி மரபு ஆரோவில்லுக்கும் வந்தது. அங்குள்ள தேகசக்தி என்னும் உடற்கல்விப் பள்ளி ஆரோவில் பள்ளிகளின் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி முதலிய ஊர்களின் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளும் ஆரோவில் சார்பில் நடைபெறுகின்றன.

மதிப்பீடு

ஆசிரமப் பள்ளியின் மாணவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் ஆசிரமத்துடன் தொடர்புள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கடலோரக் குப்பங்களின் குழந்தைகளுக்கு அந்த மைதானம் அருகில் இருந்தும் தொலைவில்தான் இருந்தது. அவ்வகையில் டென்னிஸ் கிளப்பின் வேலியைத் தாண்டியது, ஆனால் ஊருக்குள் முழுதாக வரவில்லை. எனினும், ஆடுகளம் என்பது மாணவர் ஆண்டுக்கொருமுறை சென்று பார்த்துவரும் இடமல்ல, நாள்தோறும் சென்று கற்கும் வகுப்பறை என்பதை இந்த மைதானம் நிறுவியது. பெண்களுக்கும் அதில் சம இடம் உண்டு என்பதை 1940களிலேயே நடைமுறையில் காட்டியது அதன் முதன்மையான பங்களிப்பு.